இடியக்கா கையெழுத்துப் போடாத காகிதம்

இடியக்கா ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அங்கே குடியிருப்பவர்கள் செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிடுவார்கள். கையில் கடப்பாரையோ சம்மட்டியோ இருக்காது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு மரச்சுத்தி, சுவரின் நேர் பார்க்கிற ஒரு தூக்குக்குண்டு, சாப்பாட்டு டப்பா. அண்ணாந்து சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அவ்வளவுதான். உடனே ஏதாவது ஒரு மாடியிலிருந்து, "வந்துட்டாங்கடா, இன்னிக்கு யாருக்குன்னு தெரியலையே" என்று ஒரு குரல் எழும். ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும்.

தொண்டை பெரிதாக இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவளுக்குச் சன்னமான குரல். பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். கட்டடங்களை இடிப்பது அவள் தொழில். இடிக்கிற அக்கா என்பது வாய்க்கு நீளமாக இருந்ததால் இடியக்கா ஆகிவிட்டது. அந்த நகரத்தில் முப்பது வருடங்களில் தரைமட்டமான பழைய கட்டடங்களில் பாதி, அவளும் அவள் ஆட்களும் இறக்கியவை.

பத்தொன்பது வயதில் செங்கல் சுமக்கிற சித்தாளாக இந்த வேலைக்கு வந்தாள். அப்போது ஒரு மேஸ்திரியிடம் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருநாள் ஒரு மாவு மில்லின் பக்கச் சுவரை அடியிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூடையோடு வந்தவள், சுவரில் ஆளுயரத்தில் இருந்த ஒரு விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் சன்னமாகக் கொட்டுவதைப் பார்த்தாள். சர்க்கரைப் பொட்டலத்தில் ஓட்டை விழுந்ததுபோல, நிற்காமல் கொட்டியது. கூடையைப் போட்டுவிட்டு, "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினாள். அவள் வாழ்க்கையில் அப்படிக் கத்தியது அந்த ஒரு தடவைதான் என்பார்கள். மேஸ்திரி திட்டிக்கொண்டேதான் வெளியே வந்தார். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் சுவர் மொத்தமாக உட்கார்ந்தது. தூசி அடங்கிய பிறகு மேஸ்திரி அவளைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "நாளையிலிருந்து நீ கூடை தூக்க வேணாம். சுவத்தைப் பாரு."

அப்படித்தான் அவள் சுவர் பார்க்க ஆரம்பித்தாள். எட்டு வருடம் கழித்து மேஸ்திரிக்கு இடுப்பு விட்டுப்போனபோது, ஆட்கள் எல்லோரும் அவளையே தலைவியாக வைத்துக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஒரு பெண் தலைமையா என்று வெளியே நாலு பேர் சிரித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு உயிர் வெல்லம்.

மரச்சுத்தியால் சுவரைத் தட்டுவாள். காதை வைத்துக் கேட்பாள். நல்ல சுவர் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே சாந்து விட்டுப்போன சுவர், சளி பிடித்தவன் பேசுவதுபோல் முணுமுணுக்கும். உத்தரங்கள் சுவருக்குள் நுழைகிற இடத்தை மோந்து பார்ப்பாள். பிறகு ஒரு காகிதத்தில், எதை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்று வரிசை போடுவாள். "கடைசியா வச்ச கல்லை முதல்ல எடுக்கணும். கட்டினவன் எப்படி ஏறினானோ அப்படியே நாம இறங்கணும்" என்பாள். அவள் தலைமையில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை. அந்தத் தொழிலில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் அந்த நகரத்தில் வேறு யாரும் இல்லை.

கட்டடங்களுக்காக அவள் கண்ணீர் விட்டதும் இல்லை. நகரம் மாறிக்கொண்டிருந்தது. மூன்று மாடி இருந்த இடத்தில் முப்பது மாடி வந்தது. பளிங்குத் தரை போட்ட வங்கி, இரண்டு தியேட்டர்கள், ஒரு பெண்கள் பள்ளி, வளைவு வளைவாக வராந்தா வைத்த கோர்ட் என்று எல்லாவற்றையும் இறக்கினாள். இறக்கி முடித்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பும்போது அவள் வேறொரு தெருவில் இருப்பாள். "உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?" என்று ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேட்டபோது, "இதுல சாப்பிடறவ நான். நான் அழுதா கட்டடத்துக்கே சிரிப்பு வரும்மா" என்றாள்.

பழைய தந்தி ஆபீஸ் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

தந்தி ஆபீஸை ஒரு கட்டட நிறுவனம் வாங்கியிருந்தது. பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் அது இருந்ததால் சும்மா இடித்துவிட முடியாது. ஆனால் எந்த நேரமும் விழக்கூடிய ஆபத்தான கட்டடம் என்று மாநகராட்சி சொல்லிவிட்டால் இடிக்கலாம். நிறுவனத்தின் இன்ஜினியர் ஓர் அறிக்கை தயாரித்திருந்தார். சின்ன வயதுதான், நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அறிக்கையின் கடைசியில் இடிப்பு வேலை செய்பவரும் நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

"சம்பிரதாயம்தான் அக்கா. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்றார்.

அவள் அன்றைக்கு வேறொரு இடத்தில் சாரம் பிரிக்கிற அவசரத்தில் இருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பதினைந்து நாளில் முடித்துவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னார். நாற்பத்தேழு நாள் ஆயிற்று. கட்டடம் இறங்க மறுத்தது. ஒரு செங்கலைப் பெயர்க்க இரண்டு பேர் மாற்றி மாற்றி அடிக்க வேண்டியிருந்தது. சாந்து கல்லைவிடக் கெட்டியாக இருந்தது. கடப்பாரை முனைகள் மழுங்கின. லாரி ஓட்டுகிற அவள் தம்பிக்கு மட்டும் கொண்டாட்டம். பெயர்த்த செங்கல் எல்லாம் புதுசு போல இருந்ததால் நல்ல விலைக்குப் போயிற்று. மரம் வாங்க வந்த வியாபாரி ஓர் உத்தரத்தைச் சீவிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் இருநூறு வருஷம் தாங்குமேக்கா, இதை எதுக்கு இறக்கினீங்க?" என்று கேட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, அறிக்கையின் நகலைக் கணவரிடம் நீட்டினாள். அவர் தையல்காரர். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு மற்றவர்களின் கோட்டுகளுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார். பேச்சும் ஊசி மாதிரிதான்.

"படிங்க" என்றாள்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தார். "'செங்கற்கள் கையால் அழுத்தினாலே பொடியாகும் நிலையில் உள்ளன. மரத்தூண்கள் உளுத்துப்போயிருக்கின்றன. உத்தரங்கள் எடை தாங்கும் சக்தியை இழந்துவிட்டன. இவை அனைத்தையும் நேரில் கண்டு உறுதி செய்கிறேன்.'"

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொரு கொப்புளம் வந்திருந்தது.

"கீழ யாரு கையெழுத்து?" என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

"உன்னோடதுதான். கோணல் இல்லாம அழகாப் போட்டிருக்க."

அவர் குத்திக் காட்டத்தான் சொன்னார்; சொன்ன பிறகு அவளைப் பார்த்துவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்காக ஊரைக் கூட்டி எதுவும் சபதம் செய்யவும் இல்லை. மறுநாளிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும், வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய, முதலிலிருந்து கடைசி வரை படிக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஆனாலும் எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். "என்னக்கா, பரீட்சைக்கா படிக்கறீங்க?" என்று கிண்டல் செய்தவர்களுக்கு, "ஆமா, போன தடவை பெயில்" என்று பதில் சொன்னாள்.

மூன்று வருடம் போயிற்று.

இரண்டு பெரிய சாலைகள் சந்திக்கிற முனையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. தெரு வளைகிற மாதிரியே அதன் முகப்பும் வளைந்து போகும். கீழே இரும்புத் தூண்கள். மேலே மாடிக்கு மாடி வளைந்த பால்கனி. தொண்ணூறு வருடத்துக்கு மேலான கட்டடம். மூலைக் கட்டடம் என்றால் நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். கீழே ஒரு பைண்டர் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். முதல் மாடியின் பின்பக்கத்தில் ஒரு பல் டாக்டர். மற்றபடி குடும்பங்கள், சின்னச் சின்ன ஆபீஸ்கள் என மொத்தம் இருபத்திரண்டு வாடகைதாரர்கள். அந்த வரிசையில் இருந்த மற்ற நான்கு கட்டடங்களையும், தந்தி ஆபீஸை வாங்கிய அதே நிறுவனம் வாங்கித் தரைமட்டமாக்கியிருந்தது. மூலைக் கட்டடத்தையும் வாங்கிவிட்டது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் அசையவில்லை. அவர்களைக் கிளப்ப ஒரே வழி, அது ஆபத்தான கட்டடம் என்ற உத்தரவுதான்.

பழைய இன்ஜினியரே மறுபடியும் வந்தார். முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. அறிக்கையும் கையோடு தயாராக இருந்தது.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு அக்கா. இடிக்கிற வேலை உங்களுக்குத்தான். அடுத்து வர்ற ஆறு இடமும் உங்களுக்குத்தான்னு முதலாளி சொல்லிட்டார்."

தம்பி பக்கத்தில் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். இரண்டு மாதமாக லாரி சரியாக ஓடவில்லை.

அவள் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலை வைத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நான்காம் பக்கம் வந்ததும் விரல் நின்றது. அந்த வரியை இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"இதுல பார்க்க என்னக்கா இருக்கு?"

"நேரில் கண்டுன்னு போட்டிருக்கே. கண்டுட்டு வர்றேன்."

மறுநாள் காலையில் துணிப்பையோடு மூலைக் கட்டடத்துக்குப் போனாள். பைண்டர் அவளைக் கண்டதும் கையிலிருந்த பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். "வந்துட்டீங்களா? எத்தனை நாள்ல காலி பண்ணணும்?" என்று கேட்டார். கேட்ட விதம், எமனிடம் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் இருந்தது.

"ஒரு ஏணி கிடைக்குமா?" என்றாள் அவள்.

மூன்று நாள் பார்த்தாள். ஒவ்வொரு அறைக்குள்ளும் போனாள். கட்டிலை நகர்த்தச் சொன்னாள், அலமாரியை நகர்த்தச் சொன்னாள். முதல் நாள் கதவைத் திறக்காதவர்கள் மூன்றாம் நாள் தாங்களே கூப்பிட்டு, "எங்க சுவத்தையும் கொஞ்சம் தட்டிப் பாருங்க" என்றார்கள். கூரைக்கும் கடைசித் தளத்துக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் தவழ்ந்து போய், தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தாள். இரும்புத் தூண்களின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். அவள் தட்டத் தட்டச் சுவர்கள் கணீர் கணீரென்றன.

ஓர் இடத்தைத் தவிர. பின்பக்க மூலையில், பல் டாக்டரின் அறைக்கு அடியில், ஒரு கழிவுநீர்க் குழாய் பல வருடமாகச் சுவருக்குள்ளேயே கசிந்திருந்தது. அங்கே மூன்று உத்தரங்களின் முனைகள் ஈரத்தில் இற்றுப்போயிருந்தன. அவள் உளியை வைத்து அழுத்தியதும் கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

பல் டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, இதை மட்டும் வெளிய சொல்லாதீங்க. அவங்களுக்கு இது ஒண்ணு போதும், மொத்தத்தையும் இடிச்சிடுவாங்க."

"சொல்லாம எப்படிங்க?"

"எங்க பக்கம்தானே நீங்க?"

"நான் யார் பக்கமும் இல்லீங்க. உங்க நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கற ஆளு அப்படியே கீழ பைண்டர் கடைக்குப் போயிட்டார்னா, நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

அவர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அன்றைக்கே கட்டடம் முழுக்க, இடியக்கா கம்பெனிக்காரனிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அதே நேரத்தில் கம்பெனியில், அவள் வாடகைக்காரர்களோடு சேர்ந்துகொண்டாள் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் தம்பி ஒருபக்கம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை? நாம இடிக்கறவங்க. நல்லாயிருக்குன்னு சொல்றதுக்கு நமக்கு யார் கூலி தருவா?"

"கெட்டுப்போச்சுன்னு பொய் சொல்லித் தந்தி ஆபீஸுக்கு வாங்கினோமே, அந்தக் கூலியே போதும்" என்றாள்.

தம்பி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அடுத்த மாதம் லாரியோடு வேறொருவரிடம் வேலைக்குப் போனான். அவள் தடுக்கவில்லை. அவனுக்கும் குடும்பம் இருந்தது.

மாநகராட்சியில் விசாரணை நடந்தது. நீளமான மேசை; அதன் தலைமாட்டில் ஓர் அதிகாரி அம்மா. ஒருபக்கம் கம்பெனி வக்கீலும் இன்ஜினியரும். இன்னொரு பக்கம் வாடகைதாரர்கள். கையெழுத்துப் போடாத இடிப்புக்காரி என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காக அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அவள் நடுவில், கதவோரம், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வக்கீல் சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார். "அம்மா, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவது. சரி. பட்டம் வாங்கின இன்ஜினியர் எழுதினது தப்புன்னு சொல்றீங்க?"

"தப்புன்னு சொல்லலீங்க. அது இந்தக் கட்டடம் இல்லைன்னு சொல்றேன்."

அறையில் ஒரு சலசலப்பு. அதிகாரி அம்மா நிமிர்ந்து, "புரியலையே. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

"நாலாம் பக்கத்துல, மரத்தூண்கள் உளுத்துப்போயிருக்கின்றனன்னு போட்டிருக்குங்க. மூலைக் கட்டடத்துல மரத்தூணே கிடையாது. எல்லாம் இரும்பு. ரோட்டுல போறவங்களுக்கே தெரியும். மரத்தூண் இருந்தது தந்தி ஆபீஸ்ல. அந்த அறிக்கையை அப்படியே எடுத்து, மேல பேரை மாத்தியிருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த வரியை என் வீட்டுக்காரர் வாசிச்சு நான் கேட்டிருக்கேன். அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நான்தான்." அதிகாரி அம்மா பக்கம் திரும்பினாள். "அதுவும் பொய்யிங்க. அங்க இருந்த மரத்தூணும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் படிக்காமப் போட்டேன். அது என் தப்பு."

யாரும் கேட்காமலேயே அவள் அதைச் சொன்னாள். சொன்னதால் தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பொய்க் கையெழுத்துப் போட்டவளுக்கு மாநகராட்சி உரிமத்தையே ரத்து செய்யலாம். பைண்டர் பிறகு பலரிடமும் சொல்லுவார்: அந்த நிமிஷம் வக்கீல் முகத்திலிருந்த சிரிப்பு, யாரோ துணியால் துடைத்ததுபோல் போய்விட்டது என்று.

ஆனால் அவள் அத்தோடு நிற்கவில்லை. பின்பக்க மூலையில் மூன்று உத்தரம் இற்றுப்போயிருப்பதையும் சொன்னாள். "அந்த அறையை இன்னிக்கே காலி பண்ணி முட்டுக் கொடுக்கணும். மத்தது கல்லு மாதிரி நிக்குதுங்க" என்றாள். பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வக்கீல் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, இவங்களே ஒத்துக்கறாங்க. ஒரு மூலை இப்படின்னா மத்தது எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்கும்னு பார்த்துடலாமே" என்றாள் இடியக்கா. "நடுவுல இருக்கற பெரிய ரூம்ல எடை ஏத்திப் பாருங்க. எவ்வளவு ஏத்தணும்னு உங்க சட்டத்துல இருக்குமே, அவ்வளவும் ஏத்துங்க."

அதிகாரி அம்மா கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த வாரம் சோதனை என்று எழுதினார்.

சோதனை நாளன்று தெருவில் கூட்டம் கூடிவிட்டது. இரண்டாவது மாடியில், பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடி அறை. நூற்றைம்பது மணல் மூட்டைகளை ஏற்ற வேண்டும். கீழ் அறையில், கூரைக்கு அடியில், மாநகராட்சி இன்ஜினியர்கள் ஒரு கழியை நட்டு அளவு குறித்து வைத்தார்கள். தளம் நான்கு நூல், அதாவது அரை அங்குலம் வரை இறங்கலாம். அதற்குமேல் போனால் கட்டடம் தோற்றது.

மூட்டை ஏற்ற ஆள் வேண்டுமே? விழும் என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்த கட்டடத்துக்குள் மூட்டையோடு போக யாரும் தயாராக இல்லை. இடியக்காவின் ஆட்கள் ஒன்பது பேர் வந்து வரிசையாக நின்றார்கள். கூலி யார் தருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா பார்த்திருக்கிறாள், அதனால் போகலாம் என்பதே அவர்கள் கணக்கு. முதல் மூட்டையை அவளே தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஐம்பத்தோரு வயது.

மதியத்துக்குள் நூற்றைம்பதும் ஏறிவிட்டது. எல்லோரும் கீழே இறங்கினார்கள், அவளைத் தவிர. அதிகாரி அம்மா மாடிப்படியில் நின்று, "அம்மா, பாதுகாப்பு இல்லை, கீழ வாங்க" என்று கூப்பிட்டார்.

"விழும்னு சொன்னவங்க கீழ நிக்கட்டுங்க. நிக்கும்னு சொன்னவ நான்" என்று பதில் வந்தது. எட்டிப் பார்த்தால், மணல் மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சட்டப்படி அவர் சிரிக்கக் கூடாது. "சாப்பிட்டு உடனே இறங்கிடணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஒரு முழு நாள் அந்த எடை அப்படியே இருந்தது. மறுநாள் மதியம் அளந்தார்கள். தளம் இரண்டு நூலுக்கும் குறைவாகத்தான் இறங்கியிருந்தது. மூட்டைகளை எடுத்ததும் கட்டடம் மூச்சு விட்டதுபோல் பழைய இடத்துக்கே திரும்பியது. அளவு குறித்த மாநகராட்சி இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "எங்க ஆபீஸ் இவ்வளவு தாங்காது" என்றார். தெருவே சிரித்தது.

கூட்டம் கலையும்போது கம்பெனி இன்ஜினியர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் இந்தக் கட்டடத்துக்குள்ள வந்ததே இன்னிக்குத்தான்."

"தெரியும் தம்பி" என்றாள். "மாடி ஏறும்போதே நாலாவது படியில தடுக்கினீங்க. அந்தப் படி மத்ததைவிடக் கொஞ்சம் உசரம். வந்து பழகினவங்களுக்குத் தடுக்காது."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

மூலைக் கட்டடம் தப்பியது. பின்பக்க மூலைக்கு அவளே முட்டுக் கொடுத்து, இற்ற உத்தரங்களை மாற்றித் தந்தாள். பல் டாக்டர் நான்கு மாதம் பைண்டர் கடையின் ஒரு ஓரத்தில் நாற்காலியைப் போட்டு வைத்தியம் பார்த்தார். பசை வாசனையில் நோயாளிகள் பாதி மயக்கத்தில் இருந்தார்கள், ஊசி மிச்சம் என்று பைண்டர் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரின் கோபம் தானாகக் கரைந்தது. ஒருநாள் அவளுக்கே கடைவாய்ப்பல் வலி வந்து அவரிடம் போய் உட்கார்ந்தாள். "எடுத்துட வேண்டியதுதான்" என்றார். "நல்லாத் தட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். அவர் மறுபடியும் தட்டிப் பார்த்தார். பிறகு எடுக்காமலேயே சரிசெய்துவிட்டார்.

தந்தி ஆபீஸ் பொய்க்காக மாநகராட்சி அவள் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. அவள் ஒரு வார்த்தை முறையிடவில்லை. அந்த ஆறு மாதம் கணவரின் கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்தாள். "கட்டடத்தை இடிக்கற கையால பொத்தானைப் பிச்சுடாத" என்று அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டட நிறுவனங்கள் எதுவும் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. ஒன்பது பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள். மீதிப் பேரோடு சின்னச் சின்ன வேலைகளாகச் செய்து காலத்தைத் தள்ளினாள்.

அப்போதுதான் அதிகாரி அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆபத்தான கட்டடங்களை ஆய்வு செய்கிற குழுவில் அவளும் இருக்க வேண்டும் என்றது. அவள் அதையும் விரல் வைத்து மூன்று தடவை படித்தாள். எழுதியிருப்பது உண்மைதானா என்று கணவரிடம் கேட்டாள். "தையல் விட்டுப்போகாம நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

ஏழு வருடங்களில் நாற்பது கட்டடங்களுக்குள் போனாள். இருபத்தாறு கட்டடங்கள் உண்மையிலேயே ஆபத்து என்றாள். பதினான்கு நன்றாக இருக்கின்றன என்றாள். அந்தப் பதினான்கில் ஒன்பது எப்படியும் போய்விட்டன. சிலதுக்குச் சட்டத்தில் ஓட்டை கிடைத்தது. சிலதில் வாடகைக்காரர்கள் சலித்துப்போய்த் தாங்களே வெளியேறினார்கள். ஒன்று தீப்பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மூலைக் கட்டடத்துக்கு இரண்டு பக்கமும் இப்போது வானத்தைத் தொடுகிற கண்ணாடிச் சுவர்கள். எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டதாக அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டால், ஒன்பது போனதைத்தான் முதலில் சொல்வாள்.

ஐம்பத்தெட்டு வயதில் ஆற்றோரத்துக் கிடங்குக் கட்டடத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. பிறகு அறை அறையாகத் தடுத்துக் குடும்பங்கள் வந்துவிட்டன. முகப்பில் கல்லில் செதுக்கிய கொடிகளும் பறவைகளும். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற சங்கத்துக்காரர்கள் வாசலிலேயே அவளை வரவேற்றார்கள். "அக்கா வந்துட்டாங்க, இனிமே கவலை இல்லை" என்று ஒருவர் கை தட்டினார். குடியிருப்பவர்களும் கை தட்டினார்கள்.

அவள் உள்ளே போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது தூக்குக்குண்டு இன்னும் கையில் இருந்தது.

"எல்லாரும் இப்பவே வெளிய வரணும். சாமான் அப்புறம்" என்றாள்.

சங்கத்துக்காரர் ஆடிப்போய்விட்டார். "அக்கா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? இந்த முகப்பைப் பாருங்க, இது மாதிரி நகரத்துலயே வேற இல்லை."

"முகப்பு அழகுதாங்க. பின்சுவரு ஆத்துப் பக்கம் சாயுது. ஒரு மாசமா சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு. உள்ள சாந்து மண்ணாப் போச்சு."

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். இஸ்திரி போட்டுப் பிழைக்கிற ஓர் அம்மா மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றார். "மூலைக் கட்டடத்துல மட்டும் நீங்களே மூட்டை மேல ஏறி உட்கார்ந்தீங்களாமே. இங்கயும் வந்து உட்காருங்க, நின்னுடும்."

"அது தானா நின்ன கட்டடம்மா. நான் உட்கார்ந்ததால நிக்கலை." சொல்லிக்கொண்டே மேசையின் ஒரு முனையைத் தூக்கினாள். "இந்தப் பக்கம் நீங்க பிடிங்க. மேசை போனா உங்க பொழைப்பு போகும். எடுத்துட்டே போயிடலாம்."

அந்த அம்மா மறுமுனையைப் பிடித்தார். மாலை நான்கு மணிக்குள் பதினொரு குடும்பங்களும், மொத்தம் நாற்பத்து மூன்று பேர், எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. போகிற வழியெல்லாம் சிலர் அவளைத் திட்டிக்கொண்டு போனார்கள். அவள் தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டச் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மழையும் இல்லை, காற்றும் இல்லை, பின்சுவர் மெல்ல ஆற்றுப் பக்கம் சரிந்தது. அது இழுத்ததில் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. கடைசியாகக் கொடிகளும் பறவைகளும் முன்பக்கமாக விழுந்தன. தூசி தெருவை மூடியது.

தூசி அடங்குவதற்குள் அவள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று. நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். இஸ்திரிக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் இருக்கோம், அக்கா. எல்லாரும் இருக்கோம்" என்று சொன்ன பிறகுதான், படிக்கட்டில் உட்கார்ந்தாள்.